ஒற்றை ரிங்

கோவில்பத்தில் தாமரைச்செல்வி வீட்டு வாசற்படியை மழைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த ஒரு கார்த்திகைப் பிற்பகலில், மீனவ ஊரான கோட்டுச்சேரிமேட்டிலிருந்து அஞ்சுகம் வந்தாள். குடையைச் சுருக்கி வெளியிலேயே வைத்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஈரப் புடவை, நாற்காலி கெட்டுவிடும் என்றாள். தாமரைச்செல்வி ஒரு துண்டை எடுத்து விரித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணுங்க,” என்றாள். “எம் புருசன நான் கொன்னுட்டேனா இல்லையான்னு.”

பக்கத்து மேசையில் எதையோ கழற்றிக்கொண்டிருந்த அஜ்மீர் திருப்புளியைக் கீழே வைத்தான்.

தாமரைச்செல்வி தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். வக்கீல்களும் காப்பீட்டுக்காரர்களும் கம்பி, கருவி, அலை என்று எதில் சிக்கினாலும் அவரிடம் வருவார்கள். அஜ்மீர் முன்பு செல்போன் பழுது பார்த்தவன். மூன்று வருடமாக அவருக்கு உதவியாளன். ஆளைப் பார்த்ததும் குற்றவாளியைச் சொல்லிவிடுவான். பெரும்பாலும் தவறாகச் சொல்வான்.

அஞ்சுகம் நிதானமாகவே சொன்னாள். பலமுறை சொல்லி, யாரும் நம்பாமல், வார்த்தைகள் தேய்ந்துபோயிருந்தன.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கடலில் போன் எடுக்காது. அதைச் சரிசெய்கிறோம் என்று இரண்டு கூட்டத்தார் ஊருக்கு வந்தார்கள். காரைக்கால் தர்மலிங்கம் மணலோரத்தில் உயரமான டவர் ஒன்றை எழுப்பினார். சாதாரண போனிலேயே நடுக்கடலிலிருந்து பேசலாம் என்றார். சென்னையிலிருந்து வந்த திரிபுரசுந்தரி டவரே வேண்டாம் என்றார். படகில் சாப்பாட்டுத் தூக்கு அளவுக்கு ஒரு பெட்டி வைத்தால் போதும், அது வானத்துச் செயற்கைக்கோளோடு பேசிக்கொள்ளும் என்றார். இருவருக்கும் பின்னால் முதல் போட்டவர்கள் இருந்தார்கள். கோட்டுச்சேரிமேடு எதை எடுக்கிறதோ அதைத்தான் கரையோரத்து மற்ற ஊர்களும் எடுக்கும். அதனால் ஊர்ப் பஞ்சாயத்து, இரண்டையும் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றது. பாதிப் படகுகளுக்கு டவர் போன், பாதிக்குப் பெட்டி. ஒன்றை வைத்திருப்பவர் மற்றதை வைத்துக்கொள்ளக் கூடாது. சொந்தப் போனையும் வீட்டில் வைத்துவிட வேண்டும். தினமும் ஒரு படகு முறை வைத்துத் தொலைதூரம் போய்ப் பேசிப் பார்க்க வேண்டும்.

அது நடந்த நாளில் டவர் போன் முறை அவள் புருசன் முத்தையனுடையது. கூடத் தொழில் செய்யும் சுப்பையனைக் கூட்டிக்கொண்டு விடியலில் போனான். மதியம் திரும்ப வேண்டியவன் வரவில்லை. அஞ்சுகம் அவனுடைய டவர் போன் நம்பருக்கு அடித்தபோதெல்லாம், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றே குரல் வந்தது. அவளும் ஊர்த்தலைவர் நாகராஜும் இன்னும் சிலரும் மணலோரத்தில் இருந்த தர்மலிங்கத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். உள்ளே வெளியூர்க்காரர்கள் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். தர்மலிங்கமும் அவருடைய பொறியாளன் அஷ்வினும் வாசலுக்கு வந்து, டவர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, போன் வரும், போய்க் காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

நாகராஜ் கேட்கவில்லை. நாலு படகுகளைத் தேடுவதற்குத் தயார் செய்தார். எஞ்சின் போட்டாகிவிட்டது. அப்போது அஞ்சுகத்தின் கையிலிருந்த போன் ஒரு முறை ஒலித்து நின்றது. முத்தையன் நம்பர்.

“ஒரு ரிங்னா என்னம்மா?” என்று தாமரைச்செல்வி கேட்டார்.

அதைத் தெரியாதவர்கள் இருக்கிறார்களா என்பதுபோல அவள் பார்த்தாள். ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால், கரைக்குத் திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். இரண்டு முறை விட்டு விட்டு அடித்தால், நல்ல மீன்பாடு, கூடை கூடுதலாகக் கொண்டுவா. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஏதோ ஆபத்து. அப்போது மட்டும்தான் எடுக்க வேண்டும். போனில் பேசினால் காசு என்றிருந்த காலத்தில் வந்த பழக்கம். இப்போது காசில்லை என்றாலும் விடவில்லை. கடல் காற்றில் பேச்சு காதில் விழாது, ரிங் விழும்.

“எல்லாரும் எஞ்சின அணைச்சுட்டாங்க. எம் மாமியா கூட, வந்துர்றான்டி, உலை வையின்னுச்சு. நான் மனசு கேக்காம திருப்பி அடிச்சேன். போன் அணைஞ்சிருக்குன்னு வந்துச்சு. சார்ஜ் போயிருக்கும்னு நெனச்சேன்.”

முத்தையன் வரவில்லை. மறுநாள் காலை நாகப்பட்டினத்துப் படகொன்று கவிழ்ந்து கிடந்த படகைப் பிடித்தபடி மிதந்த சுப்பையனைத் தூக்கியது. முத்தையன் உடல் நாகூர்க் கரையில் ஒதுங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளை இங்கே கொண்டுவந்தது. ஊர்க்கூட்டத்தில் தர்மலிங்கம் கம்பெனிப் பதிவைக் காட்டினார்: நாலு மணி வாக்கில் முத்தையன் நம்பரிலிருந்து அஞ்சுகத்துக்கு அழைப்பு போயிருக்கிறது, எடுக்கப்படவில்லை. டவர் வேலை செய்தது; எடுக்காதது நம் தவறா என்று கேட்டார். அதன் பிறகு ஊர் யோசித்தது. எஞ்சின் நின்று ஆபத்தில் கிடந்தவன் ஒரு ரிங் விட்டுக் கட் செய்வானா? நிற்காமல்தானே அடித்திருப்பான்? அப்படியானால் அஞ்சுகம் பொய் சொல்கிறாள். எங்கேயோ பராக்குப் பார்த்து நின்று, முழு ரிங்கையும் விட்டுவிட்டு, ஒரு ரிங் என்று சொல்லித் தேடப் போனவர்களையும் நிறுத்திவிட்டாள். மாமியார் காசியம்மா அன்றிலிருந்து அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

“இப்ப எனக்கே சந்தேகமா இருக்குங்க,” என்றாள் அஞ்சுகம். “எத்தனை ரிங்குன்னு.”

அந்த ரிங்குக்கு முன்னால் அடித்தபோதும் பின்னால் அடித்தபோதும் போனில் வந்த குரல் சொன்னதைத் தாமரைச்செல்வி வார்த்தை மாறாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். எல்லைக்கு வெளியே, அப்புறம் அணைக்கப்பட்டிருக்கிறது. அவள் அதையே சொன்னாள்.

அவள் போனதும் அஜ்மீர் தொடங்கினான். “அக்கா, அந்தச் சென்னைக்கார அம்மாதான். ஜாமர் வச்சு டவர அமுக்கியிருப்பாங்க. அவங்க வேன் அன்னைக்கு முழுக்கக் கடற்கரையிலதான் நின்னுச்சுன்னு அஞ்சுகமே சொன்னாங்கள்ல. டவர் தோத்தா அவங்களுக்குத்தானே லாபம்?”

“பாக்கலாம்,” என்றார் தாமரைச்செல்வி. “மொதல்ல சுப்பையன்.”

சுப்பையன் நெரவியில் மகள் வீட்டில் கிடந்தார். உள்ளங்கை இரண்டும் படகு விளிம்பில் கிழிந்து கட்டுப்போட்டிருந்தது. பேச ஆரம்பித்தால் இருமல் வந்தது. வெளியே வயலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன.

பத்து மணி வாக்கில் எஞ்சின் நின்றுவிட்டது என்றார். நல்ல தூரம் போயிருந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரியவில்லை.

“போன்ல சிக்னல் கோடு இருந்துச்சா?”

“நெறைய இருந்துச்சும்மா. கரையில நிக்கிற மாதிரி முழுக் கோடு. ஆனா அடிச்சா போவல. அதான் அவனுக்குக் கோவம். கோட்டப் பாரு மாமா, ஒண்ணும் கொறையல, ஏன் போவலங்கிறான். காதுல வச்சு வச்சுப் பாத்தான்.”

வாடைக் காற்று அவர்களைத் தெற்கிலும் கரைப் பக்கத்திலும் தள்ளிக்கொண்டு வந்தது. மழை அடித்துக்கொண்டே இருந்ததால் சுப்பையன் முன்பக்கம் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். முத்தையன் பின்னால் எஞ்சினோடும் போனோடும் இருந்தான். காற்று இரைச்சலில் அவன் பேசியதெல்லாம் கேட்கவில்லை. அதனால் நாலு மணிக்கு அவன் அடித்தானா, போனதா என்று தம்மால் சொல்ல முடியாது என்றார்.

“பொழுது சாயறப்ப காரைக்கா லைட்ஹவுஸ் தெரிஞ்சுச்சு. கரைக்குக் கிட்ட வந்துட்டோம், இப்பப் போவும்டான்னேன். எடுத்துப் பாத்தான். அப்ப கோடே இல்ல. ஒண்ணுகூட இல்ல.”

“சார்ஜ் தீர்ந்து போன் அணைஞ்சிருச்சோ?”

“இல்லம்மா. போன் எரிஞ்சுதே. பிளாஸ்டிக் பையில போட்டுக் கொக்கியில கட்டி, அந்த லைட்ட வச்சுத்தான் கவுர்ற வரைக்கும் எஞ்சினப் பாத்துக்கிட்டிருந்தோம்.”

பைக்கில் திரும்பும்போது அஜ்மீர் முழங்கினான். கோடு மொத்தமாகப் போய்விட்டது என்றால் ஜாமர்தான், வேறென்ன என்றான். பின்னாலிருந்து தாமரைச்செல்வி அவன் தோளைத் தட்டினார். அன்று மாலை மற்ற படகுகளில் இருந்த டவர் போன்கள் வேலை செய்தனவா என்று நாகராஜுக்குப் போட்டுக் கேட்கச் சொன்னார். அஜ்மீர் பாலத்தோரம் வண்டியை நிறுத்திக் கேட்டான். மழைக்குப் பயந்து கரையோரமாகவே நின்ற படகுகளில் எல்லாம் நன்றாகப் பேச முடிந்ததாம்.

“ஜாமர்ங்கிறது கூட்டத்துல தமுக்கடிக்கிற மாதிரி, அஜ்மீர். சுத்தி நிக்கிற எல்லார் காதும்தான் அடையும். ஒருத்தர் காத மட்டும் அடைக்கிற தமுக்கு கெடையாது.”

அஜ்மீர் வண்டியைக் கிளப்பினான்.

அஞ்சுகத்தின் வீட்டில் காசியம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. கவிழ்ந்த படகில் கொக்கியில் கட்டிக் கிடந்த பிளாஸ்டிக் பையை அஞ்சுகம் எடுத்து வந்தாள். டவர் போன் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. தாமரைச்செல்வி அதிலிருந்த சிம்மை எடுத்து, துடைத்து, அஜ்மீரின் போனில் போடச் சொன்னார்.

“நெட்வொர்க் இல்லங்குதுக்கா. டவர் இதோ பக்கத்துலதான் நிக்குது. உப்புத் தண்ணியில போயிருக்கும்.”

“அதுல சேமிச்சு வச்ச பேரு வருதா பாரு.”

வந்தது. அஞ்சுகம், நாகராஜ் அண்ணன், ஐஸ் கம்பெனி, சுப்பையன் மாமா. எல்லாம் வரிசையாக வந்தன.

தாமரைச்செல்வி அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு, சிம்மைக் கழற்றித் தம் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

திரிபுரசுந்தரியைப் பார்க்க அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனார்கள். அஜ்மீர் எதிர்பார்த்த ஆளாக அவர் இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. முத்தையன் இறந்த செய்தியைத் தம் முதலீட்டாளர்களுக்குச் சொன்னபோது, ஒருவர், நமக்கு நல்ல நேரம் என்று எழுதினாராம். அதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்றார். முத்தையன் படகில் ஒரு பெட்டியும் இருக்கட்டும் என்று தாம் முதலிலேயே கேட்டதாகவும், இரண்டும் ஒரே படகில் இருந்தால் யார் ஜெயித்தது என்று எப்படித் தெரியும் என்று தர்மலிங்கம் மறுத்ததாகவும் சொன்னார். தாமும் அதிகம் வாதாடவில்லை என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் முற்பகலில் எந்தப் படகும் போகவில்லை. மீன் ஏலக்கூடம் காலியாக இருந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தது. தாமரைச்செல்வி கேட்டுக்கொண்டபடி நாகராஜ் எல்லாரையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். தர்மலிங்கம் வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் காரிலிருந்து இறங்கி வந்தார். அஷ்வின் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். திரிபுரசுந்தரி ஒரு தூணருகே நின்றார். பெண்கள் ஏல மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். காசியம்மா ஒரு கோடியில், அஞ்சுகம் மறுகோடியில்.

“ஊர் கேட்டது நியாயமான கேள்வி,” என்று தாமரைச்செல்வி ஆரம்பித்தார். “ஆபத்துல இருக்கிறவன் ஒரு ரிங்கோட விடுவானா? விடமாட்டான். அஞ்சுகம் சொல்றது ஒரு ரிங். ரெண்டும் ஒத்துப்போகல. அதனால அஞ்சுகம் பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நான் வேற மாதிரி பாத்தேன். ரெண்டும் உண்மையா இருந்தா என்ன? முத்தையன் ஒரு ரிங்கோட விடமாட்டான். வந்தது ஒரு ரிங்தான். அப்ப அத அடிச்சது முத்தையன் இல்ல.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. நம்பர் அவனுடையதுதானே என்று யாரோ கேட்டார்கள். அதற்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் முதலில் கோட்டைப் பற்றிப் பேசினார்.

சுப்பையன் முழுக் கோடு பார்த்திருக்கிறார். ஆனால் அழைப்பு போகவில்லை. டவரில் கோளாறு என்றாலோ, ஆண்டெனாவை யாராவது திருப்பியிருந்தாலோ, யாரேனும் அலையை அமுக்கியிருந்தாலோ கோடு முதலில் குறைந்திருக்கும். குறையவில்லை.

“கோடு என்ன காட்டுது? டவரோட குரல் நமக்கு எவ்வளவு நல்லா கேக்குதுன்னு காட்டுது. நம்ம குரல் டவருக்குக் கேக்குதான்னு அது காட்டாது. இதே எடத்துல ஏலம் விடுறீங்க. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஏலக்காரர் குரல் அந்தக் கோடி வரைக்கும் கணீர்னு கேக்கும். ஆனா அங்க நிக்கிறவர் கேட்ட விலை, மூணு தரம் சொன்னப்புறம் வந்து விழுந்தா?”

“செல்லாது,” என்றார் நாகராஜ்.

“டவரும் அப்படித்தான். போன் கூப்புடுதான்னு கேக்க அது ஒரு சின்ன நேரம் காத வச்சுக் காத்திருக்கும். அலை எவ்வளவு வேகமாப் போனாலும் தூரத்துக்கு ஏத்த மாதிரி வந்து சேர நேரம் ஆகும். டவர் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு ஒரு அமைப்பு இருக்கு. நீளமா வச்சா ரொம்பத் தூரத்துப் படகும் கேக்கும். ஆனா காத்திருக்கிற நேரம், படமும் பேச்சும் அனுப்புற நேரத்துலேர்ந்து போகுது, வேகம் கொறையும். குட்டையா வச்சா வேகம் கூடும், ஆனா பதினாலு கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கிறவன் குரல் மூணு தரம் முடிஞ்சப்புறம்தான் வந்து சேரும்.” அவர் அஷ்வின் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு எப்படி வச்சிருந்தீங்க, தம்பி?”

அஷ்வின் தர்மலிங்கத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“குட்டையா, மேடம்.”

மெதுவாக, விட்டு விட்டு, அவன் சொன்னான். அன்று முதலீட்டாளர்கள் வந்திருந்தார்கள். செயற்கைக்கோள் எவ்வளவு தூரம் எட்டினாலும் மெதுவாகத்தான் ஓடும். அதைத் தோற்கடிக்கத் திரையில் பெரிய வேகம் காட்ட வேண்டும் என்றார்கள். தொலைதூரப் படகு போயிருக்கிறது என்று அவன் சொல்லிப் பார்த்தான். இந்த மழையில் எவன் அவ்வளவு தூரம் போவான், ஒரு நாள்தானே என்றார் சார். அவன் மாற்றிவிட்டான்.

தர்மலிங்கம் தொண்டையைச் செருமினார். அது தொழில்நுட்ப முடிவு என்றார். அதோடு, நாலு மணிக்கு அழைப்பு வந்திருக்கிறதே, அப்படியானால் படகு டவருக்கு எட்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம் என்றார்.

“அந்த அழைப்புக்குத்தான் வர்றேன்,” என்றார் தாமரைச்செல்வி. “அது வர்றதுக்கு முன்னாடி அஞ்சுகம் அடிச்சப்ப, எல்லைக்கு வெளியேன்னு வந்துச்சு. வந்தப்புறம் அடிச்சப்ப, அணைச்சிருக்குன்னு வந்துச்சு. ஆனா அந்த நேரத்துல முத்தையன் படகுல போன் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அந்த வெளிச்சத்துல எஞ்சின் பாத்திருக்காங்க. எரியிற போன் எப்படி அணைஞ்ச போனாகும்? ஒரே நம்பர்ல ரெண்டு போன் இருந்தா ஆகும். ஒரு ரிங் விட்டு அணைச்சது இன்னொரு போன்.”

பர்ஸைத் திறந்து சிம்மை எடுத்து, ஏல மேடையில் வைத்தார்.

“இது முத்தையன் போன்ல இருந்தது. செத்த சிம் இல்ல. உள்ள இருக்கிற பேரெல்லாம் வருது. ஆனா டவருக்குக் கீழ நின்னாலும் நெட்வொர்க் இத ஏத்துக்கல. ஒரு நம்பருக்கு மாத்து சிம் போட்டா, பழைய சிம்முக்கு அந்த நொடியே கதவு சாத்திடும். படகு கரைக்குக் கிட்ட வரவர கோடு கூடியிருக்கணும். மொத்தமாப் போனது அதனாலதான். பொழுது சாயறப்ப அவங்க டவருக்கு எட்டுற தூரத்துல இருந்தாங்க. அடிச்சா போயிருக்கும். ஆனா அப்ப அந்த நம்பர் அவங்க கையில இல்ல.”

அஜ்மீர் தன்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வந்துவிட்டான்.

மாற்று சிம் யார் போட முடியும் என்று தாமரைச்செல்வி விளக்கினார். திரிபுரசுந்தரிக்கு அந்த நெட்வொர்க்கில் எந்த உரிமையும் இல்லை. அஷ்வின் டவர் அமைப்பை மாற்றலாம். சிம் கொடுக்கும் உரிமை பொறியாளனுக்கு இல்லை. அது கடைக்காரருக்கு உண்டு. மேலும் அஷ்வின் இந்த ஊரில் மாதக்கணக்காக இருந்து படகு படகாகப் போன் கொடுத்தவன். ஒரு ரிங்குக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

“ஆனா, அந்த அம்மா எடுக்கலன்னு கூட்டத்துல பதிவக் காட்டிக் கேட்டவருக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிக் கேட்டிருக்கவே மாட்டாரு. ஒரு ரிங்க இந்த ஊர்ல யாரும் எடுக்கமாட்டாங்க.” அஷ்வினைப் பார்த்தார். “அந்த நம்பருக்கு இப்ப இருக்கிற சிம் எப்பப் போட்டது, எங்கேருந்துன்னு உங்க கம்ப்யூட்டர்ல வருமா?”

அஷ்வின் மேடையில் மடிக்கணினியைத் திறந்தான். இரண்டு முறை தவறாக அடித்தான். பிறகு திரையில் வந்ததைப் படித்தான்.

“அன்னைக்கு நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி,” என்றான். “சார் கடை ஐடி.”

தர்மலிங்கம் பாரதியார் வீதியில் சிம் விற்றுத்தான் மேலே வந்தவர். அது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாற்காலி கேட்பதுபோல அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் அசையவில்லை.

“நீங்கல்லாம் வாசல்ல வந்து நின்னீங்க,” என்றார் கடைசியில். “உள்ள அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, என்ன கூட்டம், படகு காணுமா, நெட்வொர்க் எடுக்கலையான்னு. நான் என்ன பண்ணுவேன்? எஞ்சின் கோளாறு, வந்துடுவான்னு நெனச்சேன். எப்பவும் வந்துருவாங்கள்ல. அதுவரைக்கும் ஒரு கால் போன மாதிரி இருந்தாப் போதும்னுதான். அந்த அம்மா எடுத்துடக் கூடாதுன்னு பயந்து ஒரே ஒரு ரிங்ல வச்சுட்டேன்.”

நாகராஜ் அவர் அருகில் போனார். குரலை உயர்த்தவில்லை.

“நாலு படகு எஞ்சின் போட்டு நின்னுச்சுங்க. காத்து போற தெசை எங்களுக்குத் தெரியும். இருட்டுறதுக்குள்ள புடிச்சிருப்போம். நீங்க விட்ட அந்த ரிங்குக்குத்தான் அணைச்சோம்.”

தர்மலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை. புரியத் தொடங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையோடு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மற்றவை சத்தமில்லாமல் நடந்தன. தெரிந்ததையெல்லாம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப்போவதாகத் தாமரைச்செல்வி சொன்னார். அஷ்வின் தானும் வருவதாகச் சொன்னான். அமைப்பை மாற்றியது தன் கைதான், அதையும் எழுத வேண்டும் என்றான். திரிபுரசுந்தரி தம் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நாகராஜ், இன்று அதைப் பேச வேண்டாம் என்றார்.

அஞ்சுகம் மேடை விளிம்பில் அப்படியே இருந்தாள். தாமரைச்செல்வி அவளிடம் வந்தார்.

“நீங்க சொன்னது நெசம்மா. ஒரு ரிங்தான். எடுக்காதது தப்பில்ல.”

அஞ்சுகம் தலையாட்டினாள். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று அஜ்மீர் பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை.

“அப்ப அது அவரு அடிச்சதில்லையா?”

“இல்லம்மா.”

“எல்லாரும் என்ன வேணா பேசட்டும், அந்த ஒரு ரிங்காவது கடைசியா எனக்கு அடிச்சாரேன்னு இருந்தேன்.” அவள் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அதுவும் இல்லன்னா, அவரு எனக்கு அடிக்கவே இல்லையா?”

முத்தையன் போனைக் காதில் வைத்து வைத்துப் பார்த்தான் என்று சுப்பையன் சொன்னதைச் சொல்லலாம் என்று தாமரைச்செல்வி வாயெடுத்தார். அதற்குள் மேடையின் மறுகோடியிலிருந்து காசியம்மாவின் குரல் வந்தது. மகன் செத்த பிறகு மருமகளைப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் முறை.

“அடிச்சிருப்பான்டி. விடாம அடிச்சிருப்பான். ஒனக்குத்தான் அடிச்சிருப்பான், வேற யாருக்கு அடிப்பான்?”

பிறகு, கொஞ்சம் நகர்ந்து, ஈரமில்லாத பக்கத்தில் இடம் விட்டாள்.

“இங்க வந்து ஒக்காரு.”